இதழ் அறை

கடிதத்தில் இருந்தது ஒரே ஒரு வரி. "எங்கள் கோட்டை அருங்காட்சியகத்தின் தமிழ்ப் பகுதி குறித்துத் தங்களுடன் நேரில் கலந்து பேச விரும்புகிறோம்." செம்மல் அதை ஏழு தரம் படித்தார். ஏழாவது தரம் முடிவதற்குள் அது பாராட்டு விழா அழைப்பாக மாறியிருந்தது.

செம்மல் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. மொழி அலுவலகத்தில் துணை இயக்குநராக ஓய்வுபெற்றபோது ஒரு மன்றம் அவருக்கு 'மொழியாக்கச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தது. மன்றத்தில் மொத்தம் பதினொரு உறுப்பினர்கள். மற்ற பத்துப் பேரிடமும் ஏற்கெனவே பட்டம் இருந்ததால் இவருக்கும் கொடுத்துவிடுவது நல்லது என்று தீர்மானித்திருந்தார்கள். அன்றிலிருந்து தெருவே அவரைச் செம்மல் என்றது. மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டாள், முக்கியமாகக் குப்பைக் கூடையை வெளியே வைக்கச் சொல்லும்போது.

மனைவியைத் தெரு டெலிபோன் அக்கா என்றது. தொலைபேசி நிலையத்தில் இருபத்தேழு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தவள். கோட்டைக்கான தமிழ் வாசகங்களை எழுதியதும் அவள்தான். பதினாறு வருடத்துக்கு முன் அது அலுவலகத்துக்கு வந்த வேலை. செம்மல் கட்டோடு வீட்டுக்குத் தூக்கி வந்து, "கொஞ்சம் பார்த்து வை" என்று சாப்பாட்டு மேசையில் போட்டார். நாற்பத்திரண்டு துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பலகைக்குரிய ஆங்கில வாசகம். படமில்லை, வரைபடமில்லை. அக்கா காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, பால் பொங்குகிறதா என்று ஒரு கண் வைத்தபடி, இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினாள். அச்சாகி வந்த கையேட்டின் உள்பக்கத்தில் 'தமிழாக்கம்' என்ற சொல்லுக்கு எதிரே கணவர் பெயர் இருந்தது. கீழே பொடி எழுத்தில், 'தட்டச்சு உதவி: துணைவியார்'. அக்காவுக்குத் தட்டச்சு தெரியாது.

அவள் அதற்காகச் சண்டை போடவில்லை. ஆனால் ஓர் ஆசையை மட்டும் விடாமல் வைத்திருந்தாள். மூன்றாம் மனிதர் ஒருவர் முன்னால், அவர் வாயாலேயே, "இது இவ எழுதினது" என்று ஒரு தரம் வந்துவிட வேண்டும். முட்டி வலியோடு அவருடன் கிளம்பி வந்தது அதற்காகத்தான்.

கோட்டை மலைமேல் இருந்தது. பேருந்து மூடுபனிக்குள் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு வளைவில் கடல் தெரிந்தது, அடுத்த வளைவில் இல்லை, அதற்கடுத்ததில் தலைக்குமேலே இருப்பதுபோல் தெரிந்தது. செம்மல் சட்டைப் பையில் நாலு பக்க ஏற்புரை இருந்தது. போர்த்தப்போகும் சால்வைக்கு இடம் வேண்டுமே என்று, குளிரிலும் ஸ்வெட்டர் போடாமல் வந்திருந்தார்.

வாசலில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்து இருவர் மார்பிலும் ஆளுக்கொரு ஒட்டுத்தாள் ஒட்டினாள். அவருக்கு 'அழைக்கப்பட்டவர்'. அக்காவுக்கு 'உடன் வருபவர்'.

"காப்பாட்சியர் மேடம் பத்து நிமிஷத்துல கீழ வருவாங்க. அதுவரைக்கும் சுத்திப் பாருங்க சார். தமிழ் ஒலி வழிகாட்டி வேணுமா?"

"எழுதினவனுக்கே போட்டுக் காட்டுறியாம்மா?" என்று செம்மல் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

"எனக்கு ஒண்ணு குடும்மா" என்றாள் அக்கா.

காதில் கருவி ஏறியதும் உலகம் ஒரு அடி தள்ளிப் போயிற்று. அது அவளுக்குப் பழக்கமான தூரம்தான். கோட்டைக்குள் போகும் சுரங்கப் பாதை நீளமாக, ஈரமாக, பாலாடைபோல் மங்கலாக இருந்தது. எங்கோ வானொலியில் செய்தி வாசித்த ஒருவரின் குரல், இனிப்புக் கடையிலேயே பிறந்து வளர்ந்ததுபோன்ற குரல், அவளுடைய வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவளுக்கே ஊட்டியது. "பதினோரு நாள் இந்த மலை தூங்கவில்லை." அது அவள் எழுதியது. மூலத்தில் 'முற்றுகை பதினோரு நாள் நீடித்தது' என்றுதான் இருந்தது. எழுதும்போது மழை பெய்துகொண்டிருந்தது. துணி எடுக்க ஓடினாள். திரும்பி வந்தபோது இந்த வரி வந்திருந்தது. இப்போது சுவரில் கைவைத்தால் கல் குளிர்ந்தது, ஆனால் காதுக்குள் அந்தப் பழைய மழை. மலை அவளைச் சுற்றித் தூங்காமல் விழித்திருந்தது.

செம்மல் முன்னால் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பலகை முன்னாலும் நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்து, தலையை மெல்ல ஆட்டினார்.

பாறையில் குடைந்த ஆஸ்பத்திரி அறையில் ஒரு இரும்புக் கட்டில். குரல் சொன்னது: "இந்தக் கட்டிலில் காயமடைந்த தனியார் ஒருவர், தம் தாயின் ஊரைச் சொல்லிக்கொண்டே கண் மூடினார்."

பக்கத்தில் அதே கருவியை மாட்டியிருந்த பெரியவர் தன் தம்பியிடம், "தனியாராம்டா. அதான் அரசாங்கம் கண்டுக்கல போல" என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சீட்டு நினைவிருந்தது. சமையலறையிலிருந்து அவள் கேட்டாள்: "என்னங்க, இங்க பிரைவேட்னு ஒருத்தரைச் சொல்றாங்களே, என்னன்னு போட?" சோபாவிலிருந்து, தொலைக்காட்சியில் ஆட்டம் முடிகிற பதற்றத்துக்கு நடுவே, பதில் வந்தது: "தனியார். இதுகூடத் தெரியாதா?"

வெளியே பீரங்கி மேடை. மூடுபனியில் ஐந்து பீரங்கிகள், மேய்ந்து முடித்துப் படுத்துக்கிடக்கிற மாடுகள்போல வரிசையாக. குரல் குழைந்தது: "இந்த மின்கலத்தின் மேல் நின்று பார்த்தால் துறைமுகம் முழுவதும் உள்ளங்கையில் தெரியும்." குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் குனிந்து பீரங்கியின் அடிவயிற்றைத் தடவினார்.

"இதுல எங்கடி பேட்டரி போடுவாங்க?"

"உங்க டார்ச்சையே உங்களுக்குத் திறக்கத் தெரியாது. வாங்க பேசாம" என்றாள் அவர் மனைவி.

அக்கா செம்மலைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்து, ஏற்புரையின் தொடக்கத்தை உதடசையாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது இதழ் அறை.

இருபத்தாறாம் சீட்டு. அவளுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். வளைந்த கூரை, ஜன்னலில்லாத சுண்ணாம்புச் சுவர், சுவரில் பதித்த ஒரே ஒரு கண்ணாடி மாடம். அதன் பின்னாலிருந்து வந்த வெளிச்சம் அறைக்குள் நிற்காமல் மிதந்தது. தரை முழுக்கப் பூவிதழ்கள். சிவப்பும் வெள்ளையும், சில புதிதாக, சில காய்ந்து சுருண்டு. ஒரு புதுமணத் தம்பதி ஓரமாக நின்றிருந்தார்கள். அந்தப் பெண் கைப்பையைத் திறந்து ஒரு ரோஜாவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"இதழ்னா பூவோட இதழ் இல்லடி, உதடு. காதலிங்க முத்தம் வெச்சு அனுப்பின கடிதாசியை எல்லாம் இங்கதான் வெச்சிருந்திருக்காங்க" என்றான் கணவன்.

"உங்களுக்கு எல்லாமே உதடுதான். பேசாம இருங்க, குரல் வருது."

குரல் வந்தது. ழகரத்தை நாவில் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டிவிட்டே கீழே விட்டது.

"இந்த அறையில் இதழ்கள் ஈரம் படாமல் பாதுகாக்கப்பட்டன. ஆணியடித்த காலணிகளை வாசலிலேயே கழற்றிவிட்டு, காவலர்கள் வெறுங்காலுடன் உள்ளே வந்தார்கள். விளக்கு கண்ணாடிக்கு அந்தப் பக்கமே எரிந்தது. இங்கே யாரும் குரல் உயர்த்தியதில்லை. ஒரே ஒரு இதழ் பற்றிக்கொண்டாலும் மலையே மிஞ்சாது என்பது எல்லோருக்கும் தெரியும்."

மூலத்தில் இருந்த சொல் மேகசின். "மேகசின்னா என்னங்க?" "பத்திரிகை, வார இதழ். சிப்பாய் படிக்க மாட்டானா என்ன?" அக்காவுக்கு அது நியாயமாகவே பட்டது. ஈரம் ஆகாது, நெருப்பு ஆகாது, சத்தம் கூடாது. நூலகம்தானே. போருக்கு நடுவே ஒரு வாசகசாலை வைத்திருந்த அந்த மனிதர்கள்மேல் அவளுக்குப் பிரியமே வந்துவிட்டது. மலையே மிஞ்சாது என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். படித்தவர்கள் மிகைப்படுத்துவார்கள் என்று விட்டுவிட்டாள். வீட்டிலேயே ஒருவர் இருந்தாரே.

இப்போது அந்தக் காவலர்கள் அவள் கண்முன் வந்தார்கள். வெறுங்காலுடன், வரிசையாக, எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு. முகம் தெரியவில்லை, பாதங்கள் மட்டும் தெரிந்தன. பூவின்மேல் நடப்பதுபோல் நடந்தார்கள். ஒருவன் அவளைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். புத்தகம் தூக்கிப் போகிறவன் ஏன் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். அப்போதுதான் எதிர்ச்சுவரில் பழைய கோட்டோவியம் ஒன்று கண்ணில் பட்டது. அதே அறை. சுவரோடு சுவராகக் கூரைவரை அடுக்கிய மரப் பீப்பாய்கள்.

அவள் காதிலிருந்து கருவியை எடுத்தாள்.

"சார்தானே செம்மல்?" வாசலில் காப்பாட்சியர் நின்றாள். முப்பது வயதிருக்கும், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் ஒரு கோப்பு. "நான் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது. இங்க தமிழ் படிக்கத் தெரிஞ்ச முதல் ஆள் நான்தான்."

"மகிழ்ச்சி, மகிழ்ச்சி" என்ற செம்மல், யார் பின்னாலாவது சால்வை வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும் சார். பல வருஷமா எங்களுக்கு ஒரு குழப்பம். எட்டு மொழியில வழிகாட்டி இருக்கு. தமிழ்க்காரங்க மட்டும் இந்த அறைக்குப் பூவோட வர்றாங்க. வாரத்துக்கு ஒரு கூடை அள்றோம். இங்க இதழ்னு ஏன் சார் போட்டீங்க?"

செம்மல் தொண்டையைச் செருமினார். புதுமணத் தம்பதி மரியாதையாக நகர்ந்து நின்றார்கள். "நல்ல கேள்வி. பலரும் கேட்கத் தவறிய கேள்வி. இதழ் என்பது ஒரு சொல்லல்ல, ஒரு பார்வை. நேர்ப்பொருளை எவனும் எழுதிவிடுவான். நான் அந்தச் சொல்லோடு மூன்று இரவுகள் போராடினேன்..."

"இது வெடிமருந்து வைக்கிற அறை சார்."

ரோஜாவைப் பிய்த்துக்கொண்டிருந்த பெண் கையை மெதுவாக மூடிக்கொண்டாள்.

"எது?" என்றார் செம்மல்.

"இந்த அறை. கோட்டையில மேகசின்னா இதுதான். அந்தப் படத்துல இருக்கே, எல்லாம் மருந்துப் பீப்பா. அங்க ஆஸ்பத்திரியில செத்தது தனியார் இல்ல, சாதாரண சிப்பாய். வெளிய பேட்டரின்னு சொல்றது பீரங்கி வரிசையை. மேலிடத்துல எல்லாத் தமிழையும் எடுத்துட்டு, நாற்பத்திரண்டையும் வேற ஆளை வெச்சு எழுதச் சொல்லிட்டாங்க. எழுதினவங்களைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்." கோப்பைத் திறந்தாள். "இது பிழைக்குப் பொறுப்பேற்கிற படிவம். மொழிபெயர்ப்பாளர்னு இருக்கிற இடத்துல உங்க பேர்..."

செம்மல் படிவத்தைப் பார்த்தார். பீப்பாய்களைப் பார்த்தார். எங்கெல்லாமோ பார்த்துவிட்டுக் கடைசியில், பதினாறு வருடமாகப் பார்க்காத திசையில் பார்த்தார்.

"இது..." என்று விரலை நீட்டினார். "இது இவ எழுதினது."

வந்துவிட்டது. எண்ணி மூன்று சொல். அவள் ஆசைப்பட்ட அதே மூன்று, அதே வரிசையில், மூன்றாம் மனிதர் முன்னால். சுண்ணாம்புச் சுவர் அதை வாங்கி, கூரை வளைவில் ஒருதரம் சுற்றவிட்டுத் திருப்பித் தந்தது. எழுதினது, எழுதினது. அக்காவுக்குத் தன் கால் தரையில் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தை?"

"இப்ப சொன்னதை. மேடத்துக்குச் சரியாக் கேட்டிருக்காது."

செம்மலுக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. குரலை உயர்த்தினார். "இவதான் மேடம் எழுதினா. நாற்பத்திரண்டு சீட்டும் இவதான். எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. சத்தியமா நான் படிச்சுக்கூடப் பார்க்கலை."

"பதினோரு நாள் மலை தூங்கலைன்னு இருக்கே, அதுகூடவா?" காப்பாட்சியர் கேட்டது அக்காவை.

"அதுவும் இவதான்" என்று அவசரமாகச் சொன்னார் செம்மல், பழி எதுவும் தன் பக்கம் சிந்திவிடாதபடி.

அக்கா தலையசைத்தாள். "ஆமாம்மா. எல்லாம் நான்தான், மூணு வார்த்தை தவிர. தனியார், மின்கலம், இதழ். அந்த மூணும் இவர் சொன்னது. கேட்டேன், சொன்னார். பெரிய ஆள் சொல்றாரேன்னு போட்டேன். போட்டது என் தப்புதான், இன்னொரு இடத்துல விசாரிச்சிருக்கணும்."

காப்பாட்சியர் கோப்பை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கோப்புக்குப் பின்னால் தோள்கள் குலுங்கின. புதுமணக் கணவன் அப்படி எந்தக் கோப்பும் கையில் இல்லாததால் வாய்விட்டே சிரித்துவிட்டான்.

"அப்ப தமிழாக்கம்னு சாருக்குச் சேர வேண்டியது..." என்றாள் காப்பாட்சியர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அந்த மூணுதான்."

செம்மல் சட்டென்று ஓவியத்தில் இருந்த பீப்பாய்களின் மரவேலைப்பாட்டில் ஆழ்ந்தார்.

"சரிம்மா." காப்பாட்சியரின் குரல் வேறாகியிருந்தது. "மேலிடத்துக்கு நான் ஒரு காரணம் காட்டணும். மூணு வார்த்தையை மாத்தினாப் போதும், மத்த தமிழை எடுக்க வேண்டாம்னு சொல்லணும்னா, மாத்தினா எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியணும். இந்த அறைக்கு இப்பவே எழுதித் தர முடியுமா? முடியலைன்னா சொல்லிடுங்க. எல்லாத்தையும் எடுத்துடுவாங்க, என்னால தடுக்க முடியாது."

அக்கா காகிதத்தை வாங்கிச் சுவரில் வைத்தாள். நாற்பத்திரண்டு சீட்டும், இரண்டு மாதத்துப் பிற்பகல்களும், அந்த மழையும் இப்போது இந்த ஒரு துண்டுக் காகிதத்தில் நின்றன. புதிதாக அழகாக ஏதாவது எழுத வேண்டும் என்று கை பரபரத்தது. பேனா காகிதத்தைத் தொடவில்லை. அவர்கள் மறுபடி வந்தார்கள், வெறுங்காலுடன், மூச்சைப் பிடித்தபடி. இந்த முறை மார்போடு அணைத்திருந்தது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் தெரிந்தது.

பழைய வரிகளையே எழுதினாள். 'இதழ்கள்' இருந்த இடத்தில் 'வெடிமருந்து'. பற்றிக்கொள்ளும் இடத்தில் 'ஒரு பிடி'. வினைமுற்றில் ஒரு விகுதி மாறியது. அவ்வளவுதான். கொடுத்தாள்.

காப்பாட்சியர் வாய்விட்டுப் படித்தாள். "இந்த அறையில் வெடிமருந்து ஈரம் படாமல் பாதுகாக்கப்பட்டது. ஆணியடித்த காலணிகளை வாசலிலேயே கழற்றிவிட்டு, காவலர்கள் வெறுங்காலுடன் உள்ளே வந்தார்கள். விளக்கு கண்ணாடிக்கு அந்தப் பக்கமே எரிந்தது. இங்கே யாரும் குரல் உயர்த்தியதில்லை. ஒரு பிடி பற்றிக்கொண்டாலும்..."

நிறுத்திவிட்டாள். புதுமணப் பெண் தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் வெளியே போனாள். கணவன் பின்னாலேயே போனான், அவனும் நுனிக்காலில்.

"மத்தது ஒண்ணையும் தொட வேண்டாம்" என்றாள் காப்பாட்சியர் மெதுவாக. "நான் பேசிக்கிறேன். ஆனா இந்தப் பூவுக்கு என்னம்மா பண்றது?"

"அதுக்கும் நானா பொறுப்பு? வர்றவங்க கொண்டு வந்தா அள்ளுங்க. பதினோரு நாள் இங்க மூச்சை அடக்கிட்டு நடந்தவங்களுக்கு யாராவது பூ போட்டா என்ன கெட்டுப் போச்சு."

"அப்ப வாங்க, மத்த ரெண்டையும் திருத்தி, மூணையும் இன்னிக்கே பதிவு பண்ணிடலாம். பழைய குரல்காரர் இப்ப இல்லை. நீங்களே படிங்க."

"நானா?"

"நீங்கதானே எழுதினீங்க?"

செம்மல் நிமிர்ந்தார். "அனுபவமுள்ள குரல் வேணும்னா நான்..." என்று தொடங்கினார். இருவரும் அதற்குள் பாதி தூரம் போயிருந்தார்கள்.

ஒலிப்பதிவு அறை முன்னொரு காலத்தில் மாவு மூட்டை அடுக்கிய இடம். இப்போது சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் சத்தம் எல்லாம் செத்துப்போயிற்று. தன் இதயம் துடிப்பதுகூட அடுத்த அறையில் யாருக்கோ நடப்பதுபோல் அக்காவுக்குக் கேட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பொத்தான்களுக்குமுன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் காப்பாட்சியர். அவளுக்கும் பின்னால் செம்மல், எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, மூச்சு விழுது" என்றது ஒலிப்பதிவாளரின் குரல் காதுக்குள். "ஆங், அப்படித்தான். முதல்ல பேரைச் சொல்லுங்க. கையேட்டுலயும் பலகையிலயும் அதைத்தான் போடுவோம். இனிஷியல் என்னம்மா?"

அக்கா யோசித்தாள். அவளிடம் இரண்டு இருந்தன. ஒன்று அப்பா கொடுத்தது, கல்யாணம்வரைக்கும் அதுதான். இன்னொன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"இனிஷியல் வேண்டாம் தம்பி. அவங்க ரெண்டு பேரும் எழுதலையே."

ஒலிப்பதிவாளர் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா தன் பெயரைச் சொன்னாள், அவசரமில்லாமல், கடைசி எழுத்து முடியும்வரை. பிறகு காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தி, "இந்த அறையில்" என்று தொடங்கினாள்.